ஸ்டாப்வாட்ச் 13.28 காட்டுது, நீங்க ஓடினது எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது. படிக்க வசதியாக, திரும்பத் திரும்பச் சொன்னவை மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போற பொருள் உள்ளங்கையில அடங்கிடும். கறுப்பு பிளாஸ்டிக், கழுத்துல மாட்டிக்க ஒரு கயிறு, மேல மூணு பட்டன். டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச். ஸ்கூல் ஃபிசிக்ஸ் புத்தகத்துல இதையே நிறுத்துக்கடிகாரம்னு படிச்சிருப்பீங்க.

"இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. நான் தவளக்குப்பத்துல இருந்து பேசறேன். புதுச்சேரியில கடலூர் பஸ் ஏறினா முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டி வர்ற ஊர். இங்க புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடக்கும். அபிஷேகப்பாக்கம் புதுச்சேரி, பக்கத்துல சிங்கிரிக்குடி கடலூர் மாவட்டம். அதனால சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்து ஓடுற பசங்கள்ல ஒருத்தர் புதுச்சேரி போலீஸுக்குத் தயாராவார், இன்னொருத்தர் தமிழ்நாடு போலீஸுக்கு, மூணாவது ஆள் ராணுவத்துக்கு. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. அறிவிப்புல ஒரு நேரம் போட்டிருக்கும். அதுக்குள்ள ஓடி முடிக்கணும்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை எடுத்துக்கோங்க. ஆண்களுக்கு முதல்ல 1500 மீட்டர், 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அப்புறம் 100 மீட்டரோ 400 மீட்டரோ ஓடணும். 100 மீட்டரை 15.00 வினாடிக்குள்ள முடிச்சா ஒரு நட்சத்திரம், 13.50 வினாடிக்குள்ள முடிச்சா ரெண்டு நட்சத்திரம். 400 மீட்டருக்கு 80 வினாடி, 70 வினாடி. நட்சத்திரத்தைப் பொறுத்துதான் மார்க்.

அந்த 13.50-ஐப் பாருங்க. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம். கிரவுண்டுல ஒருத்தர் வாட்ச்சைப் பார்த்து "13.28, ரெண்டு ஸ்டார் உறுதி"ன்னு சொன்னா, அந்த 13.28-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம்? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்விதான். வாட்ச் வாங்கறது, செட் பண்றது எல்லாம் போற வழியில வந்துடும்.

போன் இருக்கே, வாட்ச் எதுக்கு?

நியாயமான கேள்வி. போன்ல இருக்கிற ஸ்டாப்வாட்ச் ஆப் தப்பான நேரம் காட்டாது. ரெண்டுக்குள்ளயும் இருக்கிறது ஒரே வகையான கடிகாரம், அதுக்குப் பின்னாடி வர்றேன். வித்தியாசம் பட்டன்ல இருக்கு.

கண்ணாடித் திரையில விரல் எங்க இருக்குன்னு விரலுக்கே தெரியாது. ஓடி வர்றவரைப் பார்த்துட்டே அழுத்தணும், ஆனா பட்டன் எங்கன்னு ஒரு கண்ணு கீழ போகும். வியர்வை விரலா இருந்தா தொடுகை பதியாமப் போகலாம். சில ஆப் விரல் பட்டவுடனே எடுத்துக்கும், சில ஆப் விரலை எடுக்கும்போதுதான் எடுத்துக்கும். சரியா அந்த நேரம் பார்த்து வீட்டுல இருந்து போன் வரும்.

ரப்பர் பட்டன்ல இந்தப் பிரச்சினை இல்ல. விரலை அது மேலயே வெச்சிருக்கலாம், "டிக்"னு ஒரு உணர்வு வரும், கண்ணு கோட்டுலயே இருக்கும். கிரவுண்டுல ஓட்டம் அளக்க வாட்ச் வாங்கச் சொல்றதுக்கு இதுதான் காரணம். மத்தபடி சமையலுக்கு, படிப்புக்கு, டைம் பாக்ஸிங்குக்கு போனே போதும்.

கடையில என்ன பார்க்கணும்

புதுச்சேரியில எந்த ஸ்போர்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கம் போனாலும் கண்ணுல படும். ஆன்லைன்ல இன்னும் நிறைய. சில நூறு ரூபாயில ஆரம்பிச்சு, கேசியோ மாதிரி பெயருள்ள கம்பெனி மாடல்னா விலை ஏறும். காசு கூடினா நேரம் துல்லியமாகும்னு நினைக்காதீங்க. கூடுதல் காசுக்குக் கிடைக்கிறது நல்ல பட்டன், நல்ல திரை, நினைவகம், பிரிக்கிற அளவுக்கு உழைக்கிற உடம்பு.

நான் பார்க்கச் சொல்றது அஞ்சு விஷயம்.

ஒண்ணு, பட்டன். கடையிலயே பெட்டியைத் திறந்து இருபது முறை அழுத்திப் பாருங்க. வேகமா ரெண்டு தட்டு தட்டி எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. ஒரு தட்டுகூட விட்டுப்போகக் கூடாது. தொளதொளன்னு ஆடற பட்டன் வேண்டாம்.

ரெண்டு, திரை. வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க. எண் பெருசா, கறுப்பா, சாய்ச்சுப் பார்த்தாலும் தெரியணும். ஒரு வரித் திரை போதுமா, மூணு வரி வேணுமான்னு யோசிங்க. ஒருத்தரை மட்டும் அளக்கறீங்கன்னா ஒரு வரி போதும். ஒவ்வொரு சுத்துக்கும் நேரம் எடுக்கணும்னா மூணு வரித் திரை கைகொடுக்கும்.

மூணு, நினைவகம். பெட்டியில "லேப் மெமரி" 10, 30, 100னு போட்டிருக்கும். விலை குறைஞ்ச மாடல்ல நினைவகமே இருக்காது, திரையை உறைய வைக்கிறது மட்டும்தான். பத்துப் பேர் ஒண்ணா ஓடற இடத்துல 10 நினைவகமாவது இருந்தா நல்லது.

நாலு, பேட்டரி. பொத்தான் மாதிரி இருக்கிற செல். பெரும்பாலும் எல்ஆர்44 அல்லது சிஆர்2032. ரெண்டும் சாதாரணக் கடையில கிடைக்கும். பின்மூடி சின்ன ஸ்க்ரூவுல கழலுதான்னு பார்த்துக்கோங்க. ஒட்டி மூடினது வேண்டாம்.

அஞ்சு, வியர்வை, மழைத்தூறல் தாங்குமா? "வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்தா நல்லது. நம்ம ஊர் கடல் காத்துல உப்பு இருக்கு, பட்டன் இடுக்குல போய் உட்காரும். வேலை முடிஞ்சதும் உலர்ந்த துணியால துடைச்சு வைங்க.

"1/100 வினாடியா, 1/1000 வினாடியா?"ன்னு கேட்பாங்க. விரலால அழுத்தற வாட்ச்ல 1/1000 அலங்காரம்தான். அதுக்கு ஒரு ரூபாகூட சேர்த்துக் குடுக்காதீங்க.

பெட்டியைத் திறந்து செட் பண்றது

முதல்ல பேட்டரி மூடிக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிட்டு இருக்கான்னு பாருங்க. கடையில இருக்கும்போது பேட்டரி தீராம இருக்க வெச்சிருப்பாங்க. அதை இழுத்தா திரை உயிர் வரும்.

மூணு பட்டன். வலது பக்கம் ஸ்டார்ட்-ஸ்டாப். இடது பக்கம் லேப்-ரீசெட். நடுவுல மோட். என் வாட்ச்லயும் பெரும்பாலான சின்ன மாடல்கள்லயும் மோடை அழுத்த அழுத்த ஸ்டாப்வாட்ச், அலாரம், நேரம் செட் பண்ற இடம்னு வரிசையா சுத்தி வரும். நேரம் செட் பண்ற இடத்துல ஒரு இலக்கம் மினுக்கும். இடது பட்டன் அடுத்த இலக்கத்துக்குத் தாவும், வலது பட்டன் எண்ணைக் கூட்டும். வினாடி, நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. முடிச்சுட்டு மோடை ஒருமுறை அழுத்தினா பதிவாயிடும்.

வினாடியை மட்டும் கவனமா வைங்க. போன்ல வினாடியோட நேரம் ஓடட்டும். அடுத்த நிமிஷம் பிறக்கிற நொடியில வாட்ச்ல வினாடியை 00 ஆக்குங்க. இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம். உங்க போன் நெட்வொர்க் நேரத்தை எடுத்துக்கிட்டா அந்த இந்திய நேரத்துக்குப் பக்கத்துலயே இருக்கும், நம்ம தேவைக்கு அது தாராளம்.

அடுத்து, மணிக்கொரு தடவை "பீப்" அடிக்கிறதையும் அலாரத்தையும் அணைச்சிடுங்க. திரையோட மூலையில மணி மாதிரி ஒரு குறி இருக்கும், அது மறைஞ்சா அணைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ராத்திரி 3 மணிக்கு வீட்டையே எழுப்பாம இருக்கும்.

இப்ப லேப் பட்டன். இங்கதான் பலருக்குக் குழப்பம். வாட்ச் ஓடிட்டு இருக்கும்போது இடது பட்டனை அழுத்தினா திரை உறைஞ்சிடும், உள்ள நேரம் ஓடிட்டேதான் இருக்கும். மறுபடி அழுத்தினா ஓடுற நேரத்துக்குத் திரும்பிடும். உறைஞ்சதைப் பார்த்து வாட்ச் நின்னுடுச்சுன்னு ரீசெட் பண்ணப் போகாதீங்க.

இதை வெச்சே ரெண்டு பேரை ஒரே வாட்ச்ல அளக்கலாம். முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் இடது பட்டன், அவர் நேரம் திரையில உறையும். ரெண்டாவது ஆள் தொட்டதும் வலது பட்டன், உள்ள ஓடறது நின்னுடும். முதல் ஆள் நேரத்தைக் குறிச்சுக்கிட்டு இடது பட்டனை அழுத்தினா ரெண்டாவது ஆள் நேரம் வரும். இன்னொரு தடவை அழுத்தினா பூஜ்யம். இதை வீட்டுலயே பத்து தடவை பழகிட்டு கிரவுண்டுக்குப் போங்க.

"லேப்", "ஸ்ப்ளிட்" ரெண்டும் வேற. ஸ்ப்ளிட்னா ஆரம்பத்துல இருந்து இதுவரை ஆன மொத்த நேரம். லேப்னா இந்த ஒரு சுத்துக்கு மட்டும் ஆன நேரம். மூணு வரித் திரையில ரெண்டும் தனித்தனியா வரும். எது எந்த வரின்னு முதல் நாளே பார்த்து வெச்சுக்கோங்க.

உள்ள என்ன ஓடுது

நான் சாஃப்ட்வேர் ஆள், இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு டிஜிட்டல் வாட்ச்சுக்குள்ளயும் ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் இருக்கு. இசைக்கவை மாதிரி வெட்டியிருப்பாங்க. மின்சாரம் குடுத்தா வினாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த எண்? அது 2-இன் 15-ஆம் அடுக்கு. ஒரு எளிய சர்க்யூட் அதைப் பதினஞ்சு தடவை பாதி பாதியாக்கினா சரியா வினாடிக்கு ஒரு துடிப்பு வந்துடும். உங்க கைக்கடிகாரத்துலயும் சுவர்க் கடிகாரத்துலயும் இதே எண்தான்.

இந்தப் படிகத்தோட பிழை சாதாரணமா பத்து லட்சத்துல 20 பங்குக்குள்ள இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. கணக்குப் போட்டா நாளைக்கு 1.7 வினாடி. கேட்க நிறையவா தெரியும். ஆனா 13 வினாடி ஓட்டத்துல? 0.00026 வினாடி. 7 நிமிஷ 1500 மீட்டர்ல? 0.0084 வினாடி. திரையோட கடைசி இலக்கத்துல ஒரு படி அளவுக்குக்கூட அது வராது.

வெயில்ல சூடாச்சுன்னா? இந்த வகைப் படிகம் 25 டிகிரியில நல்லா ஓடும், அதுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் மெதுவாகும். 45 டிகிரியில பத்து லட்சத்துல 14 பங்கு போல மெதுவாகும். அதுவும் 100 மீட்டருக்கு ஒண்ணுமே இல்ல.

சந்தேகம் இருந்தா நீங்களே சோதிக்கலாம். காலையில போன் நேரம் 6:00:00 ஆகும்போது ஸ்டார்ட், மதியம் 2:00:00-க்கு, அதாவது 8 மணி நேரம் கழிச்சு ஸ்டாப். முக்கால் வினாடிக்குள்ள வித்தியாசம் இருந்தா வாட்ச் நல்லா இருக்கு. 350 ரூபாய்க்கு நான் வாங்கின வாட்ச் இதுல சுலபமா தேறிடுச்சு.

ஆக, வாட்ச் பொய் சொல்லாது. அப்போ பிழை எங்க இருந்து வருது?

விரல், காது, அப்புறம் 45.6

உங்க விரல்ல இருந்துதான். கைக்காட்டியைப் பார்த்து மூளை புரிஞ்சுக்கிட்டு விரலுக்குச் சொல்லி அழுத்த ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அப்போ வாட்ச் தாமதமாத்தான் ஓட ஆரம்பிக்கும். முடிவுல அப்படி இல்ல. ஓடி வர்றவர் தூரத்துலயே தெரியறார், கோட்டை எப்போ தொடுவார்னு மூளை முன்கூட்டியே கணிச்சிடும், விரல் கிட்டத்தட்ட சரியான நேரத்துல அழுத்திடும். ஆரம்பத்துல தாமதம், முடிவுல தாமதம் இல்ல. விளைவு, கையால அளக்கற நேரம் எப்பவுமே உண்மையைவிடக் குறைவா வரும். ஓடினவர் வேகமா ஓடின மாதிரி தெரியும்.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் இறுதி. மில்கா சிங் நாலாவதா வந்தார். கைக்கடிகாரத்துல எடுத்த அவரோட அதிகாரப்பூர்வ நேரம் 45.6. அதே ஓட்டத்தை மின்னணு முறையிலயும் எடுத்திருந்தாங்க. அதுல 45.73. அதே மனுஷன், அதே ஓட்டம், ரெண்டு நேரம். ஒலிம்பிக்ஸ்ல உட்கார்ந்து நேரம் எடுக்கிற பயிற்சி பெற்ற ஆட்களுக்கே இந்த வித்தியாசம். அதே ஓட்டத்துல முதல் ரெண்டு பேர் ஓட்டிஸ் டேவிஸ், கார்ல் காஃப்மன் ரெண்டு பேருக்கும் கையில அளந்தா 44.9. மின்னணுவுல 45.07, 45.08. யாருக்குத் தங்கம்னு படத்தைப் பார்த்துத்தான் சொன்னாங்க.

கதை அங்க முடியல. 1998-ல கொல்கத்தாவுல பரம்ஜீத் சிங் 45.70-ல ஓடினார். இது தேசிய சாதனையா? 45.6-ஓட ஒப்பிட்டா இல்ல. 45.73-ஓட ஒப்பிட்டா ஆமா. மின்னணு நேரத்தை மின்னணு நேரத்தோடதான் ஒப்பிடணும், அதனால அது சாதனை. 38 வருஷம் நின்ன ஒரு சாதனை விழுந்துச்சா இல்லையாங்கிறதுக்கே, எந்த வாட்ச்ல அளந்தாங்கன்னு கேட்க வேண்டியிருக்கு.

பி.டி. உஷா கதை எல்லாருக்கும் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். மூணாவது வந்தவர் 55.41, உஷா 55.42. அந்த 0.01-ஐ விரலால எந்த மனுஷனும் பிரிச்சுச் சொல்ல முடியாது, மின்னணு கேமராதான் சொல்லுச்சு. 400 மீட்டர் வரைக்கும் உள்ள ஓட்டங்கள்ல உலக சாதனைக்கு 1977-ல இருந்து மின்னணு நேரம் கட்டாயமானதுக்கும் காரணம் இதுதான்.

இனி நம்ம கிரவுண்டுக்கு வரலாம். இங்க இன்னொரு சிக்கல் சேருது, விசில். ஒருத்தர் ஆரம்பக் கோட்டுல நின்னு விசில் அடிக்கிறார். வாட்ச் வெச்சிருக்கிறவர் 100 மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டுல நிக்கறார். ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 100 மீட்டர் கடக்க 0.29 வினாடி. ஓடறவர் விசிலை உடனே கேட்டுட்டார், வாட்ச்காரர் 0.29 வினாடி கழிச்சுத்தான் கேட்கறார். அதுக்கு மேல விரல் தாமதம் 0.2. மொத்தம் அரை வினாடி.

அரை வினாடின்னா எவ்வளவு? 13.5 வினாடியில 100 மீட்டர் ஓடறவர் வினாடிக்கு 7.4 மீட்டர் போறார். அரை வினாடியில 3.7 மீட்டர். ஒரு ஆட்டோ நீளத்துக்கும் மேல. அவ்வளவு தூரத்தை வாட்ச் இலவசமாக் குடுத்துடுது.

சரியா அளக்கறது எப்படி

தடகளத்துல கையால நேரம் எடுக்கிறதுக்கு விதிமுறை இருக்கு. சுருக்கமாச் சொல்றேன், இதுல ஒண்ணுக்கும் காசு செலவு இல்ல.

துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சை அழுத்தக் கூடாது. அதுல வர்ற ஒளியையோ புகையையோ பார்த்து அழுத்தணும். நம்மகிட்ட துப்பாக்கி இல்ல, ஒரு சிவப்புத் துண்டு போதும். விசில் அடிக்கிற நொடியிலயே உயர்த்தின கையைச் சடார்னு கீழ இறக்கணும். ஓடறவர் சத்தத்துக்கு ஓடட்டும், வாட்ச்காரர் துண்டைப் பார்த்து அழுத்தட்டும். இந்த ஒரு மாற்றத்துலயே 0.29 வினாடிப் பிழை காணாமப் போயிடும்.

வாட்ச்காரர் முடிவுக் கோட்டுக்கு நேரா, பக்கவாட்டுல நிக்கணும். ஓடுபாதையை ஒட்டி நிக்காம, அஞ்சு மீட்டராவது தள்ளி. கோடு ஒரு ஒற்றைக் கோடாத் தெரியணும். பட்டன்ல இருக்கிற தளர்வை முன்னாடியே லேசா அழுத்தி எடுத்து வெச்சுக்கணும்.

எப்போ நிறுத்தணும்? ஓடறவரோட உடம்புப் பகுதி, அதாவது நெஞ்சு, கோட்டைத் தொடும்போது. தலையோ கையோ காலோ தொட்டா கணக்குல வராது. நம்ம பசங்க நிறையப் பேர் காலைப் பார்த்துத்தான் நிறுத்துறாங்க.

ஒருத்தருக்கு மூணு வாட்ச் இருந்தா உத்தமம். மூணுல ரெண்டு ஒத்துப்போனா அதுதான் நேரம். மூணும் வேற வேறன்னா நடுவுல இருக்கிறது. சராசரி எடுக்கிறதில்ல. ரெண்டு வாட்ச்தான் இருக்குன்னா, மெதுவா காட்டறதை எடுத்துக்கணும்.

கடைசியா, வாட்ச் 1/100 காட்டினாலும் அதை அப்படியே எழுதக் கூடாது. அடுத்த 1/10-க்கு மேல ஏத்தணும். 13.41-னா 13.5. 13.50-னா 13.5. கை நேரத்துக்குப் புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம்தான் தகுதி. மின்னணு நேரத்தோட ஒப்பிடணும்னா 100, 200 மீட்டருக்கு 0.24-ம், 400 மீட்டருக்கு 0.14-ம் கூட்டற பழக்கம் இருக்கு. மில்கா சிங்கோட 45.6-ல 0.14 கூட்டிப் பாருங்க. 45.74. மின்னணு சொன்னது 45.73.

இந்த யோசனை உங்களுக்குப் புதுசு இல்ல. ப்ளஸ் ஒன் லேப்ல தனி ஊசல் ஆடவிட்டு, ஒரு அலைவுக்கு நேரம் எடுக்காம 20 அலைவுக்கு எடுத்து 20-ஆல வகுத்திருப்பீங்க. ஏன்? விரல் பிழை 0.2 வினாடின்னா, அதை 20-ஆல வகுக்கும்போது 0.01 ஆயிடும். மாஸ்டர் சொன்னார்னு செஞ்சிருப்போம், விஷயம் இதுதான். 100 மீட்டர் ஒரே ஓட்டம், வகுக்கறதுக்கு எதுவும் இல்ல. அதனாலதான் அங்க விரல் பிழை இவ்வளவு வலிக்குது.

ஒரு தம்பியோட 13.28

நம்ம கிரவுண்டுல தினமும் ஓடற தம்பி ஒருத்தர், சிங்கிரிக்குடிப் பக்கம். பேர் வேண்டாம். ஆரம்பத்துல சொன்ன 13.28 இவரோடதுதான். "ரெண்டு ஸ்டார் கைக்கு வந்துடுச்சுண்ணா, இனி 100 மீட்டரை விட்டுட்டு ரோப் க்ளைம்பிங் மட்டும் பார்க்கப் போறேன்"னார்.

"எப்படி அளந்தீங்க தம்பி?"ன்னு கேட்டேன். விசில் அந்தப் பக்கம், வாட்ச் இந்தப் பக்கம்.

ரெண்டு நாள் கழிச்சு, நல்லா ஓய்வெடுத்துட்டு வந்தவரை ஓடவிட்டோம். துண்டு இறக்கினோம், மூணு வாட்ச். 13.44, 13.51, 13.58. நடுவுல 13.51, மேல ஏத்தினா 13.6. கூடவே முடிவுக் கோட்டுல ஒரு போனை வெச்சு 60 ஃபிரேம் வீடியோ. முதல்ல ஆரம்பக் கோட்டுத் துண்டை ஜூம் பண்ணி, துண்டு இறங்கினதும் முடிவுக் கோட்டுப் பக்கம் திருப்பினோம். எடிட்டிங் ஆப்ல துண்டு இறங்கின ஃபிரேம்ல இருந்து நெஞ்சு கோட்டைத் தொட்ட ஃபிரேம் வரைக்கும் நேரம் பார்த்தா 13.72. ஒரு ஃபிரேம் 0.017 வினாடிதான், விரலைவிட எவ்வளவோ மேல். ஃபிரேமை எண்ணி வகுக்காதீங்க, போன் வீடியோவுல ஃபிரேம் இடைவெளி மாறலாம். ஆப் காட்டற நேரத்தைக் கழிங்க.

தம்பி முகம் வாடிடுச்சு. கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அப்போ நான் இன்னும் 0.22 குறைக்கணும், அப்படித்தானேண்ணா?"ன்னார். ஆமா. ஆனா அதைத் தேர்வு மைதானத்துல தெரிஞ்சுக்கிறதுக்குப் பதிலா இப்பவே தெரிஞ்சுக்கிட்டார். கையில இன்னும் வாரங்கள் இருக்கு. ஸ்டார்ட்டை மட்டும் திருத்தினாலே அதுல பாதி கிடைக்கும்னு பக்கத்துல இருந்த பி.டி. மாஸ்டர் சொன்னார். 100 மீட்டரை விட்டுடற முடிவு அன்னைக்கே மாறிடுச்சு.

தப்பா அளந்த வாட்ச் யாரையும் மெதுவாக்கலை. எங்க உழைக்கணுங்கிற முடிவைத்தான் தப்பா எடுக்க வைக்குது.

நீள ஓட்டத்துக்கு லேப் பட்டன்

1500 மீட்டர்ல கதை வேற. 420 வினாடியில 0.2 வினாடி போனா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வாட்ச், போன் கூட போதும். அங்க வாட்ச் வேற வேலைக்கு உதவும், வேகத்தைச் சீரா வைக்க.

7 நிமிஷம்னா 100 மீட்டருக்கு 28 வினாடி. 400 மீட்டர் சுத்துக்கு 1:52. 400 மீட்டர் டிராக்ல 1500னா மூணே முக்கால் சுத்து. முதல் 300 மீட்டர் 1:24, அப்புறம் 3:16, 5:08, 7:00. இதை ஒரு அட்டையில எழுதி வாட்ச் கயிறுலயே கட்டிடுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் லேப் அழுத்தி நேரத்தைக் கத்திச் சொல்லுங்க. முதல் 300-ஐ 1:05-ல ஓடிட்டு மூணாவது சுத்துல மூச்சு வாங்கி நிக்கிறவங்கதான் நம்ம கிரவுண்டுல அதிகம். அட்டை அவங்களைக் காப்பாத்தும். கிரவுண்டு டிராக் சரியா 400 மீட்டரான்னு ஒரு தடவை டேப் போட்டு அளந்துடுங்க. தூரம் தப்பா இருந்தா எந்த வாட்ச்சாலயும் ஒண்ணும் செய்ய முடியாது.

சுருக்கமா

விலை குறைஞ்ச வாட்ச் போதும், பட்டன் நல்லா இருக்கணும். பீப்பை அணைங்க, லேப் பட்டனைப் பழகுங்க. சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீங்க, கையைப் பார்த்து அழுத்துங்க. நெஞ்சைப் பார்த்து நிறுத்துங்க. மேல ஏத்தி எழுதுங்க. தேர்வுக்குத் தயாராகறவங்க, தேவையான நேரத்துல இருந்து 0.3 வினாடி குறைச்சு அதை இலக்கா வெச்சுக்கோங்க. 13.50 வேணும்னா கை வாட்ச்ல 13.2 வர்ற வரைக்கும் பயிற்சியை விடாதீங்க. பெண்களுக்கு 100 மீட்டர் ரெண்டு நட்சத்திரம் 15.50, அங்க 15.2. புதுச்சேரி போலீஸோ ராணுவமோ, உங்க அறிவிப்புல இருக்கிற நேரத்துக்கும் இதே கழித்தல்தான்.

கிரவுண்டுல அடுத்த தடவை யாராவது "13.28"ன்னு சொன்னா, வாட்ச் எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. யார் அழுத்தினாங்க, எங்க நின்னாங்க, எதைப் பார்த்து அழுத்தினாங்கன்னு கேளுங்க.

உங்க ஊர் கிரவுண்டுல எப்படி அளக்கறாங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.